காளை ரத்தத்துக்குத் தொட்டுக்கொள்ள

செப்டம்பர் 14, ஞாயிறு

மஞ்சு அக்கா, இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. கையெழுத்து கோணினால் அதற்கும் சேர்த்து. பகலில் யாழி என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. அவள் தூங்கிய பிறகுதான் எனக்கென்று ஒரு கை மிஞ்சுகிறது. இன்னொரு கை அவள் தலைக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

போனில் கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லையாம். அதனால் நடந்ததைத் தேதி போட்டு எழுதி, மொத்தமாக அனுப்பச் சொன்னாய். சரி, எழுதுகிறேன். நல்லா இருக்கேன்.

எகெர், புடாபெஸ்டிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். நடுவில் ஒரு பழைய கோட்டை, சுற்றிலும் குன்றுகள், குன்றெல்லாம் திராட்சை. இவர் விடிந்ததும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பஸ்ஸைப் பிடித்துப் போனால் இருட்டியபின்தான் வருகிறார். இடையில் நானும் யாழியும். நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடிக்குக் கீழே வீட்டுக்காரம்மா இல்திகோ இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். லண்டனில் ஓட்டல் வேலை பார்த்துத் திரும்பியவர், அதனால் ஆங்கிலம் பேசுவார். அவர் பேசுவதை நான் நம்ம ஊர்ப் பேச்சில்தான் எழுதப்போகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

இன்று மத்தியானம் அவர் கையில் பாதிக் கிளாஸ் சிவப்பு ஒயினோடு படியேறி வந்தார்.

"பவா, என்ன தாளிச்ச? வாசம் எறங்கி வந்து என்னையக் கூட்டிட்டு வந்துருச்சு."

கொள்ளுப் பருப்பு என்றேன். நின்றபடியே ஒரு கரண்டி சாப்பிட்டார், ஒரு மடக்கு குடித்தார். மறுபடி ஒரு கரண்டி, மறுபடி ஒரு மடக்கு. சட்டியும் கிளாஸும் ஒன்றாகக் காலியாயின.

"எங்க நெலவறைக்கு ஒருக்கா வா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செப்டம்பர் 15

யாழி இரண்டு முறை தும்மினாள். காய்ச்சல் இல்லை. மறுபடி பார்த்தேன், இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

நிலவறைக்குப் போய்வந்தேன். குன்றைக் குடைந்து செய்திருக்கிறார்கள். வாசலில் ஒரு சின்னச் சமையலறையும் விருந்தினர் உட்கார நீள மேஜைகளும். உள்ளே போகப் போக மரப்பீப்பாய்கள். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே ஒரே குளுமையாம். சுவர் முழுக்கக் கம்பளி போர்த்தியது போல் கறுப்பாகப் பூசணம். தொட்டால் பூனை முதுகு. யாழியின் மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.

ஒயின் செய்வது இல்திகோவின் அண்ணன் பேலா. பெரிய மீசை, தலையில் எப்போதும் ஒரு தொப்பி. ஆங்கிலம் தெரியாது, தெரிந்தாலும் பேசமாட்டார் என்று நினைக்கிறேன். எதைக் கேட்டாலும் பதிலுக்கு முன் பீப்பாயை ஒரு பார்வை பார்க்கிறார், அதனிடம் அனுமதி வாங்குவது போல.

இந்த ஊர் ஒயினுக்குப் பெயர் பிகாவேர். காளை ரத்தம் என்று அர்த்தம்.

"துருக்கிப் படை கோட்டையைச் சுத்தி நின்னப்ப, உள்ள இருந்தவிய தாடியெல்லாம் ஒயின் ஒழுகச் சண்டை போட்டாங்களாம்," என்றார் இல்திகோ. "காளை ரத்தத்தைக் குடிச்சுட்டு வர்றானுகன்னு பயந்து ஓடிட்டானுகளாம்."

"நெசமாவா?"

"ஒறம்பரை, விருந்தாளின்னு யாராச்சும் வந்தாச் சொல்றதுக்கு நல்லாருக்கும்."

ஒரே திராட்சையில் இதைச் செய்வதில்லை. பல சிவப்புத் திராட்சைகளைத் தனித்தனியாகப் புளிக்கவைத்துப் பிறகு கலக்கிறார்கள். கேக்ஃப்ராங்கோஷ் என்ற திராட்சைக்குப் பெரிய பங்கு. மற்றதெல்லாம் நம்ம சாம்பார்ப் பொடி மாதிரி, வீட்டுக்கு வீடு கணக்கு வேறு.

நான் குடிப்பதில்லை, யாழிக்குப் பால் கொடுக்கிறேன் என்று சொன்னேன். மோந்து பார், நாக்கை நனைத்துத் துப்பு என்று ஒரு வாளியை முன்னால் வைத்தார். துப்பினேன், வாயையும் கொப்பளித்தேன். ஆனால் அதற்குள் வாய்க்குள் ஒரு ஊரே வந்துவிட்டுப் போயிருந்தது. முதலில் நாவல்பழம். அதன் பின்னால் களாக்காய்ப் புளிப்பு. பேலா இதைப் புளிப்புச் செர்ரி என்கிறார், அது இங்கே வேலியோரமெல்லாம் காய்க்கிறது. பிறகு அப்போதுதான் இடித்த மிளகு, ஒற்றைக் கிராம்பு, கடைசியில் விறகடுப்புப் புகை. எல்லாம் போனபின் ஈறும் நாக்கும் வாழைக்காய் கடித்தது போல் இழுத்துப் பிடித்தன. அந்த இழுப்பை இல்திகோ ஒரு பாடமாகவே விளக்கினார். துவர்ப்பு என்று நமக்கு ஒரே சொல்லில் முடிந்துபோகும் விஷயம்.

இனி முக்கியமான செய்தி. நவம்பரில் மார்ட்டின் திருநாள் வருகிறது. அன்று வாத்துக்கறி தின்று, புது ஒயினை முதல் தடவையாகக் குடிப்பது இங்கே வழக்கம். நம்ம குளத்து வாத்து இல்லை, கழுத்து நீண்டு கன்றுக்குட்டியைத் துரத்துகிற பெரிய ஜாதி. இவர்கள் நிலவறையில் திருநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேருக்கு மத்தியான விருந்து. சமைத்துக்கொண்டிருந்தவர் வியன்னாவுக்குப் போய்விட்டார்.

"அந்த ஒரு விருந்தைச் சமைச்சுக் குடு," என்றார் இல்திகோ. "ஒயினும் உன்ற சோறும் சேந்து நல்லாருக்குதுன்னு வந்தவிய சொன்னாங்கன்னா, ஜனவரில இருந்து அடுப்படி உன்னோடது. சம்பளத்தோட."

பேலா ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொல்றாரு?"

"வாத்து வீணாப் போகாம இருந்தாச் சரிங்கறான்."

கோயமுத்தூர் மசாலாக் கம்பெனி லேப்பில் வெள்ளைக் கோட்டோடு நின்றதற்கப்புறம், 'உனக்கு இது தெரியுமா' என்று என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அக்கா. எனக்கு இந்த வேலை வேண்டும். சமைக்கும்போது யாழியை யார் வைத்துக்கொள்வது என்று மட்டும் கேட்காதே. முதுகில் கட்டிக்கொள்வேன்.

செப்டம்பர் 24

பள்ளிபாளையம் சிக்கன் செய்து கொண்டுபோனேன். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, தேங்காய்ப் பல்லோடு, சின்ன வெங்காயம் சுருள வதக்கி. என் கைக்கு அது தவறியதே இல்லை.

இல்திகோ ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடி ரசித்தார். மேலே ஒயினைக் குடித்தார். அவ்வளவுதான், கண்ணைத் திறக்க முடியவில்லை. பேலா எழுந்து போய்க் குழாய்க்கு நேராக வாயை வைத்துக்கொண்டார். வெகுநேரம் அங்கேயே இருந்தார்.

"நல்லாருக்குது," என்றார் இல்திகோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆனா துருக்கிப் படை ஓடுனது இதைத் தின்னுட்டுத்தானோன்னு தோணுது."

செப்டம்பர் 28, ஞாயிறு

என்ன நடந்தது என்று யோசித்தேன். நான்கு வருடம் உணவுத் தொழில்நுட்பம் படித்தது இதற்காவது உதவட்டும். இந்தத் துவர்ப்பு காரத்தை அணைக்காது, விசிறிவிடும். அதனால் வரமிளகாய் கூடாது, மிளகு மட்டும். கொழுப்பும் உப்பும் இருந்தால் துவர்ப்பு சாதுவாகிவிடுகிறது. புளிக் குழம்போடு ஒயின் வெறும் தகர டப்பா. மீனோடு வைத்தால் துருப்பிடித்த தகர டப்பா. இனிப்பு ஒப்புட்டைத் தின்றுவிட்டுக் குடித்தால் காடி. கொள்ளுக்கு மட்டும் எல்லாமே பொருந்துகிறது, ஏன் என்று தெரியவில்லை. மண்வாசம் மண்வாசத்தைத் தேடிக்கொள்கிறது போலிருக்கிறது.

இவருக்கு இந்த வாரம் முழுக்க ஆராய்ச்சிச் சாப்பாடு.

"பவா, நாளைக்கு மட்டும் ரசஞ்சோறு கெடைக்குமா?" என்றார் பாவமாக.

"அது ஒயினோட ஒட்டாதுங்க."

"எனக்கு ஒட்டும்."

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஊரில் நீங்கள் எல்லோரும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்திருப்பீர்கள். எனக்கு இந்த வருடம் நாம் தொழில் செய்யும் இடம் என்று ஒன்று வந்திருக்கிறது, அதை அழுக்கோடு விடுவதா என்று மனசு கேட்கவில்லை. இல்திகோ புடாபெஸ்ட் போயிருந்தார். பேலா அறுவடைக்காகத் தோட்டத்தில். சமைத்துப் பழகக் கொடுத்திருந்த சமையலறைச் சாவி என்னிடம் இருந்தது. இவருக்கு லீவு. திரும்பி வந்து அவர்கள் அசந்துபோகட்டும் என்று இருவரும் போனோம்.

பாத்திரம், அடுப்பு, திராட்சை பிழியும் செக்கு எல்லாம் துடைத்தோம். சமையலறையை ஒட்டி உள்ளே ஒரு மாடம் இருக்கிறது, யாழியின் தொட்டிலை அங்கே போடலாம் என்று நினைத்திருந்தேன். அந்தச் சுவரிலும் கறுப்புப் பூசணம். குழந்தை மூச்சு விடும் இடத்தில் அது எதற்கு? இவர் தேய்த்தால் என்ஜினியர் தேய்ப்பு. பிரஷ், வெந்நீர், வினிகர். சாயங்காலத்துக்குள் சுவர் முழுக்க வெள்ளைக் கல் பளிச்சென்று வந்துவிட்டது. நடுவில் சந்தனம், குங்குமம். பெரிய பீப்பாய்க்கு மூன்று விரலால் விபூதிப் பட்டை. யாழி கை தட்டினாள். எனக்கு ரொம்ப நாளைக்கப்புறம் அப்படி ஒரு சந்தோஷம்.

அக்டோபர் 2

இன்று எழுத முடியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை நான் யாழியோடு நிலவறையில் காத்திருந்தேன். பேலா வந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், எழவு வீட்டில் கழற்றுவது போல. பின்னால் வந்த இல்திகோ வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சுத்தம் பண்ணுனேன்," என்றேன். "எங்க பண்டிகை. வேலை செய்யற எடத்தைக் கும்புடுவோம்."

"பவா, அது அழுக்கில்ல," என்றார் இல்திகோ மெதுவாக. "பீப்பாய்ல இருந்து ஆவியாப் போற ஒயினைக் குடிச்சு வளர்றது அது. இங்க இருக்கற ஈரத்தை ஏறாம எறங்காமப் புடிச்சு வெச்சிருக்கறதே அந்தக் கறுப்புத்தான். பக்கத்து நெலவறைக்காரனெல்லாம் எங்க சுவரைப் பாத்துட்டுப் பொறாமைப்பட்டுட்டுப் போவான். எங்க அப்பா பொறக்கறதுக்கு முன்னாலயே கறுத்த சுவரு இது."

பேலா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். இல்திகோ அதை மொழிபெயர்க்கத் தயங்கினார்.

"கொஞ்ச நாளைக்கு நீ உள்ள வர வேணாமாம்."

"விருந்து?"

"அவன் சமாதானமாகட்டும். ஆகலைன்னா வழக்கம்போல வாத்துக்காலும் சிவப்பு முட்டைக்கோஸும் நானே வறுத்துப் போட்டுக்கறேன்."

பூசணம் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தவள் நான். பாலாடைக்கட்டியில் வளரும் நல்ல பூசணம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். சுவரில் பார்த்ததும் எனக்கு வினிகர்தான் ஞாபகம் வந்தது.

இவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "நாந்தான் அழுத்தித் தேச்சேன். எம்பேர்ல சொல்லீருக்கலாமுல்ல," என்றார். சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம் அழுகையும்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று தயிருக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தேன். பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் பாலில் விடும்போது கை அப்படியே நின்றது. கரண்டியும் கையுமாகக் கீழே ஓடினேன்.

"இல்திகோ, பக்கத்துச் சுவத்துல இருக்கற கறுப்பைக் கொஞ்சூண்டு சொரண்டி, இந்தச் சுவத்துக்கு உறை ஊத்துனா என்ன?"

உறை என்றால் என்ன என்று விளக்கத் தயிரையே காட்ட வேண்டியிருந்தது. அவர் கரண்டியை வாங்கி நக்கிப் பார்த்தார்.

"இது நாங்க செய்யறதை விட நல்லாருக்குது," என்றார். "அவன்கிட்டக் கேக்கறேன்."

அக்டோபர் 7

பேலா பீப்பாயைப் பார்த்தாராம், பிறகு சொன்னாராம்: "அவளே தேச்சா, அவளே பூசட்டும்."

அக்டோபர் 8, புதன்

காலை முழுக்கச் சுவர் வேலை. பேலா பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு கத்திமுனை அளவுதான் சுரண்டவிட்டார், அதற்கே ஊசி போடுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைத் தண்ணீர் கலந்த ஒயினில் குழைத்து, ஈரச் சுவரில் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். தேய்க்கக்கூடாது.

யாழி முதுகில் இருந்தபடி என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், கிண்ணத்துக்குள் காலை விட்டாள். பேலா கையை நீட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மறுபடி நீட்டினார். யாழி என்னைக் கேட்காமலே அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள், மீசைக்காக.

ஒரு தடவை சுவரைத் தொட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பிறகு இரண்டு தடவை தொட்டு ஒரு தடவை. சுவர் பெரியது.

முடிந்ததும் எப்போது கறுக்கும் என்று கேட்டேன். பேலாவின் மீசையின் ஒரு முனை யாழியின் பிடியில் இருந்ததால் பதில் கோணலாக வந்தது. இல்திகோ மொழிபெயர்த்தார்: "இவ பள்ளிக்கூடம் போறப்ப வந்து பாக்கட்டும்."

இவரிடம் சொன்னேன். அதுவரைக்கும் நாம் இங்கே இருப்போமா என்ன என்றும் கேட்டேன். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டே, "இங்க பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருக்குது?" என்று கேட்டார்.

விருந்து பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் பேலா, கையில் உரித்த வாத்து. என்னிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டார். கனம் யாழி பிறந்தபோது இருந்ததைவிட அதிகம்.

அக்டோபர் 19, ஞாயிறு

பக்குவம் வந்துவிட்டது, அக்கா. வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவிட்டேன். நிறைய வெங்காயம், வறுத்து அரைத்த மல்லி, மிளகு, கிராம்பு, கொஞ்சம் கல்பாசி, கடைசியில் தேங்காய்ப் பல். நிறத்துக்கு என்ன செய்வது என்று தவித்தபோது இந்த ஊர் மிளகாய்த்தூள் கண்ணில் பட்டது. காரமே இல்லாத தூளை எதற்கு மிளகாய் என்று விற்கிறார்கள் என்று ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். இதற்காகத்தான். ரத்தச் சிவப்பு, ஒரு துளி எரிச்சல் கிடையாது.

கூட அரிசிம்பருப்புச் சோறு. முன்னால் தின்ன, கொள்ளை வேகவைத்து அரைத்துத் தட்டிய சின்ன வடை. அதற்குக் கதர்கா என்று இன்னொரு சிவப்பு ஒயின். காளை ரத்தத்துக்குத் தங்கச்சி மாதிரி, மெலிசு, லேசாகக் குளிர வைத்துக் கொடுப்பார்களாம். அது மோந்தாலே மசாலா வாசம்.

நான் வாளியோடு உட்கார்ந்திருந்தேன். பேலா கறியைத் தின்றார், பிகாவேரைக் குடித்தார். நெடுநேரம் மென்றார்.

"கொழுப்பு நாக்குல ஏறி உக்காந்துக்குது, ஒயின் வந்து தொடச்சுட்டுப் போகுது," என்று இல்திகோ அவருக்காகப் பேசினார். "பொறகு அந்தப் பாசி வாசமும் எங்க பீப்பாய்ப் புகையும் ஒண்ணையொண்ணு கண்டுக்குது. எனக்கு இன்னொரு காலு."

பேலா கையை நீட்டினார். இரண்டாவது காலை அவர்தான் எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 2

யாழி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரிசி வாங்கியாயிற்று. சீரகம் போதாது.

நவம்பர் 8, சனி

நாளை விருந்து. பேலாவின் மேஜையில் மற்ற நிலவறைக்காரர்கள் உட்காருவார்களாம். மற்றவர்கள் சொல்வதைவிட அவர்கள் சொல்வதுதான் ஊரில் நிற்கும் என்றார் இல்திகோ. இதை இன்றைக்கா சொல்வது?

நவம்பர் 9, ஞாயிறு

எங்கே தொடங்குவது. காலையிலேயே யாழியைப் பேலாவின் மனைவி வாங்கிக்கொண்டார். கொள்ளு வடையும் கதர்காவும் நன்றாகப் போயின. சின்னச் சின்னதாக எடுத்து, ஒரு கடி ஒரு மடக்கு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். புது ஒயினைப் பேலா ஒவ்வொருவருக்கும் தானே ஊற்றினார். அது இன்னும் பச்சைப்பிள்ளை, திராட்சை வாசம் போகவில்லை. வாத்துக்கறி மணத்தோடு போனபோது மேஜைகளில் பேச்சு நின்றது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

பரிமாற ஆள் போதவில்லை என்று இவர் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டார். உனக்குத்தான் தெரியுமே, இவர் கல்யாணப் பந்தியில் வளர்ந்தவர். இலையில் சோறு தீர்ந்தால் கேட்காமல் வைப்பார், வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் வைப்பார். இந்த ஊர்க்காரர்களுக்கோ தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவரை அவமதித்த மாதிரி. அவர்கள் மரியாதைக்குத் தீர்க்கிறார்கள். இவர் மரியாதைக்கு வைக்கிறார். நான் அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தால் முதல் மேஜையில் ஒரு பெரியவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துத் தின்றுகொண்டிருக்கிறார். இவர் பக்கத்திலேயே வாளியோடு காத்திருக்கிறார்.

"என்னுங்க பண்றீங்க?"

"அவரு ரசிச்சுச் சாப்புடறாரு பவா. எத்தனை வெச்சாலும் காலி பண்றாரு."

"அவரு சாகப் போறாருங்க. நிறுத்துங்க."

நிறுத்தினார். ஆனால் அதற்குள் இரண்டு அண்டா அரிசிம்பருப்பும் முடிந்திருந்தது. கடைசி மேஜைக்கு இன்னும் போகவில்லை. கடைசி மேஜை பேலாவின் மேஜை. கறி இருக்கிறது, ஒயின் இருக்கிறது, நிலவறைக்காரர்கள் ஆறு பேரும் கையில் முள்கரண்டியோடு என்னைப் பார்க்கிறார்கள். சோறு இல்லை.

இல்திகோ ரொட்டியை எடுத்தார். "இதை வெச்சுச் சமாளிக்கலாம்," என்றார். அவர் குரலிலேயே தெரிந்தது, சமாளிக்க முடியாது என்று. ரொட்டியும் வாத்தும் அவர்கள் வருடா வருடம் தின்பது. அதற்கு நான் எதற்கு?

அண்டாவைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் பிடித்திருந்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே, இந்த அடுப்பின் தீ எனக்கு இன்னும் கைவரவில்லை. கரண்டியால் நெம்பினேன். தகடு தகடாக வந்தது, பழுப்பாக, ஓரம் மட்டும் கறுத்து. காந்தல். வீட்டில் இதை விருந்தாளி கண்ணில் காட்டியிருப்போமா? வேறு வழியில்லை. வாத்துக்கொழுப்பை ஒரு கரண்டி காயவைத்து, தகடுகளை அதில் ஒரு புரட்டு புரட்டி, உப்புத் தூவி, மேலே கறியை வைத்துக் கொண்டுபோனேன். தட்டை வைத்துவிட்டு நகரக்கூட மறந்து அங்கேயே நின்றேன்.

பேலா கடித்தார். நிலவறை முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். மென்றார், பிகாவேரைக் குடித்தார். மறுபடி கடித்தார். பிறகு பீப்பாயைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் இல்திகோவைத் தேடினேன்.

"இதை எதுக்கு இத்தனை நேரம் ஒளிச்சு வெச்சிருந்தேங்கறான்."

பக்கத்திலிருந்தவர் பேலாவின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். பேலா அவர் கையில் தட்டினார். அதற்குள் மறுபக்கத்தில் இருந்தவர் எடுத்துவிட்டார். அந்தக் கருகலும் கொழுப்பும் ஒயினின் புகையோடு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மற்ற மேஜைக்காரர்கள் எழுந்து வந்து, இவர்களுக்கு மட்டும் என்ன தனியாக என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெல்ட்டைத் தளர்த்திய பெரியவர் உட்பட.

எல்லோரும் போய், பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு யாழியைத் தூக்கப் போனேன். மாடத்தில், பேலாவின் கோட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேலாவின் மனைவி உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். மத்தியானமே தூங்கிவிட்டாளாம். அவளை எழுப்பாமல் இல்திகோவோடு உட்கார்ந்து, மிச்சமிருந்த கறியை இரண்டு பேரும் ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டோம்.

நவம்பர் 11, செவ்வாய்

இல்திகோ மேலே வந்தார். ஜனவரி முதல் வாரம் தொடங்கச் சொன்னார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். மற்றபடி பேலாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: வாத்தோ கோழியோ எது வேண்டுமானாலும் சமைக்கட்டும், அந்த அடிப்பிடித்த சோறு தினமும் வேண்டும், எல்லா மேஜைக்கும்.

"அது தப்பா வந்தது, இல்திகோ."

"அப்பத் தப்பா வர வெக்கறதுக்குக் கத்துக்கோ."

இன்று காலையிலிருந்து மூன்று சட்டி வைத்துவிட்டேன். ஒன்று பிடிக்கவே இல்லை. ஒன்று கரியாகிவிட்டது. மூன்றாவதை இவர் தின்றார், பாவம், நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே.

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டில் அரிசிம்பருப்பை ஒரு தடவைகூட அடிப்பிடிக்காமல் இறக்காதவள் நீ ஒருத்திதான். மாமா இத்தனை வருடமாக அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார். எந்தச் சட்டி, எவ்வளவு தண்ணீர், தீயை எப்போது குறைப்பாய், மூடியைத் திறப்பாயா, போனில் யாரிடம் பேசப்போய் மறப்பாய், எல்லாவற்றையும் விடாமல் எழுது. சீக்கிரம் பதில் போடு.

பவா